கருவாடு விற்கக் கூடாத நிழல்

1

எங்கள் தெருவில் போன மாதம் ஒரு மரத்துக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. கேலிக்குச் சொல்லவில்லை. ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த நகரத்தில், நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு மேப்பிள் மரம் நின்றது. அடுத்தடுத்து வந்த வறண்ட கோடைகளைத் தாங்க முடியாமல் பட்டுப்போய்விட்டது. வெட்டுவதற்கு முன்னால் தெருக்காரர்களைக் கூப்பிட்டு, ஏன் வெட்டுகிறோம் என்று சொல்லியாக வேண்டும். இங்கே அதுதான் நடைமுறை. அப்படிச் சொல்கிற உத்தியோகம்தான் எனக்கு. நகராட்சியின் மரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறதே, ஊரை எப்படிக் குளிர வைப்பது, எந்தத் தெருவில் எந்த மரம் நட்டால் வரப்போகிற கோடைகளைத் தாங்கும், வயதானவர்கள் சுருண்டு விழாமல் எங்கே பெஞ்சு போடுவது, எங்கே குடிதண்ணீர் வைப்பது என்று யோசிப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இத்தனை வருஷம் ஆகியும் இந்த மொழி அவ்வப்போது என் காலை வாரிவிடும். மரம் பட்டுப்போனதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல், மனிதர் இறந்ததைச் சொல்ல வேறொரு சொல். நான் மனிதருக்கானதைச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே இன்னொருவர் எழுந்து, மரத்துக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்கலாமா என்று கேட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் தலையைக் குனிந்து நின்றேன்.

அந்த மௌனத்தில்தான் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கூட்டம் முடிந்து எடுத்துப் பார்த்தால் அஞ்சலை அக்கா. கள்ளக்குறிச்சியில் என் தங்கச்சி மல்லிகாவோடு பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு விற்பவர். அவர் எனக்கு போன் செய்தார் என்றாலே நல்ல சேதியாக இருக்காது.

"தம்பி, பயப்படாத. ஒந்தங்கச்சி வெயில்ல மயங்கி வுழுந்துட்டா. ஆஸ்பத்திரில குளுகோஸ் ஏறிக்கினு கீது. முழிச்சிட்டா. ஒங்கிட்ட சொல்லாதன்னு சொன்னா, எனக்குத்தான் மனசு கேக்கல" என்றார்.

செத்த மரத்துக்கு மௌன அஞ்சலி செலுத்திவிட்டு வந்த கையோடு இதைக் கேட்டேன். எனக்கு யார் மீது கோபம் வந்தது என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

2

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு இடம் சொன்னால் புரியும். கள்ளக்குறிச்சியில், கல்வராயன் மலைக்குப் போகிற பேருந்து நின்று போகும் சாலையோரம். அங்கே ஒரு வேப்பமரம். யாரும் நட்டு வளர்த்ததாகத் தெரியவில்லை. அதன் கீழே சாக்கை விரித்து, நெத்திலி, வாளை, சென்னாக்குன்னி என்று கூறு கட்டி மல்லிகாவும் அஞ்சலை அக்காவும் இன்னும் சில பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். மலையிலிருந்து சாமையும் புளியும் கடுக்காயும் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள், பேருந்துக்கு நிற்கிற நேரத்தில் கருவாடு வாங்கிப் போவார்கள். மலையில் கருவாடு காயாது. அதனால் இந்தப் பெண்களின் பிழைப்பு அந்தப் பேருந்து நிற்கும் இடத்தோடு ஒட்டிக்கொண்டது. ஐம்பதடி தள்ளி உட்கார்ந்தால் வியாபாரம் பாதி.

மல்லிகாவின் வீட்டுக்காரர் கரும்பு வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். முதுகு போய் வீட்டோடு இருக்கிறார். பிள்ளைகள் படிக்கிறார்கள். அவளுக்கு ரத்த அழுத்தம் வேறு. சாலையில் கழிப்பறை கிடையாது என்பதால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டாள். அதில் அடிக்கடி நீர்க்கடுப்பு. டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். தண்ணீர் குடிக்க வேண்டும், வெயிலில் இருக்கக் கூடாது. முதலாவது அவளால் முடியாது. இரண்டாவதை அந்த வேப்பமரம் பார்த்துக்கொண்டது. எங்கே நிழல் வேண்டும் என்று நான் இங்கே வரைபடத்தில் நிறம் தீட்டிக் கண்டுபிடிப்பதெல்லாம் அவளுக்கு அந்த மரத்தின் கீழ் தானாகக் கிடைத்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகர் ஆனது. நமக்கும் ஒரு மாவட்டம் என்று நானும் இங்கே கேசரி கிண்டிச் சாப்பிட்டவன்தான். தலைநகர் ஆனால் ஆபீஸ்கள் வரும், ஆபீஸ்கள் வந்தால் வண்டிகள் வரும், வண்டிகள் வந்தால் சாலை அகலமாகும், சாலை அகலமானால் ஓரத்தில் நிற்பதெல்லாம் போகும் என்று அப்போது தோன்றவில்லை. எதிர்ப்பக்கத்து மரங்கள் முதலில் போயின. பிறகு ஒருநாள் எங்கள் வேப்பமரத்தின் மேல் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். சாக்கடை கட்ட வேண்டுமாம்.

3

நான் மனு எழுதினேன். இங்கே ஒரு மரம் நடவே கேஸ் குழாய்க்காரன், கேபிள்காரன், தீயணைப்பு வண்டிக்காரன், கார் நிறுத்துகிறவன் என்று ஒவ்வொருவனிடமும் ஒப்புதல் வாங்கி ஓய்ந்தவன் நான். காகிதத்துக்கு அஞ்சுகிறவன் இல்லை. காலநிலைத் தகவமைப்பு, நகர்ப்புற வெப்பத் தீவு, நிழற்பரப்பு, விளிம்புநிலை வணிகர்கள் என்று எனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கொட்டிப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். மல்லிகா அதை அச்செடுத்துக்கொண்டு மனு வாங்கும் நாளில் போனாள். எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. எந்த ஆபீஸாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

"படிச்சிப் பாத்துட்டு அந்தாளு என்னியே பாத்துகினு இருந்தாருண்ணா" என்றாள் அன்றைக்கு போனில். "இன்னாமா கேக்குற, பட்டாவா, முதியோர் பென்சனான்னாரு. இல்ல சார், மரத்த வெட்டக் கூடாதுன்னேன். அதுக்கு ஏன்மா இம்மாந்தூரம் எழுதிகினு வந்தன்னு கேட்டுட்டு, முத்திரை குத்தி உள்ள போட்டுட்டாரு."

உள்ளே போட்ட மனு உள்ளேயே இருந்தது. நான் மின்னஞ்சல் அனுப்பினேன். நினைவூட்டல் அனுப்பினேன். பதில் வந்தது. மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டதாக இருந்தது. உரிய துறைதான் பெயிண்ட் அடித்த துறை.

4

யோசனை அஞ்சலை அக்காவுடையது. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வெளிச்சம் வருவதற்குள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மரத்தடியைக் கழுவினார்கள். ஏரிக்கரையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புப் பெருக்கல் குறி தெரியாதபடி மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி கட்டினார்கள். பக்கத்தில் ஒரு சூலம், சூலத்தில் எலுமிச்சம்பழம். கூழ் காய்ச்சி ஊற்றினார்கள்.

ஆடிக் கூழுக்கு எங்கள் பக்கத்தில் என்ன தொட்டுக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கருவாட்டுக் குழம்பு. மாரியம்மனுக்குப் படைக்கும்போதும் அதை வைத்துத்தான் படைப்போம். அதனால் அந்தப் பெண்களுக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வரவில்லை. சாமி பக்கத்தில் கருவாடு விற்றால் சங்கடம் வருமோ என்று நான் கேட்டதற்கு மல்லிகா சிரித்தாள்.

"நம்ம ஆத்தா கருவாட்டுக் கொழம்பு சாப்புடறவ தானண்ணா. அவ பக்கத்துல கருவாடு இருந்தா அவளுக்கு இன்னா கம்மி?"

பொக்லைன் வந்தது. ஓட்டிவந்தவர் இறங்கினார், மஞ்சள் துணியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் பொறியாளர் வந்தார். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாக்கடை மரத்தைச் சுற்றி வளைந்து போனது. என் மனுவால் அசையாத திட்டம் ஒரு மஞ்சள் துணிக்கு வளைந்ததே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் ரொம்ப சந்தோஷமாகவும் இருந்தது. மறுநாள் இங்கே ஆபீஸில் மல்லிகா அனுப்பிய படத்தைக் காட்டி எல்லோரிடமும் சொன்னேன். என் மேலதிகாரி அந்தப் படத்தை வாங்கிப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார். மக்கள் பங்கேற்பு என்று அதற்குக் கீழே எழுதினார்.

5

சாமி வந்தால் கமிட்டி வரும். எதிரே பாத்திரக்கடை வைத்திருப்பவர் தலைவரானார். வெயிலில் வந்து கும்பிடுகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று முதலில் தரை போட்டார்கள். டைல்ஸ், மரத்தின் அடிவரைக்கும். பிறகு கிரில் கதவு, பூட்டு. பிறகு நிழலுக்குத் தகரக் கொட்டகை. ஆமாம், வேப்பமரத்துக்குக் கீழே, நிழலுக்கு, தகரம். கொட்டகைக்கு இடைஞ்சலாக இருந்த கிளைகளை வெட்டினார்கள். அருள்மிகு என்று தொடங்கும் பெயர்ப் பலகை வந்தது. ஐயர் ஒருவர் வந்து கும்பாபிஷேகம் செய்துவைத்தார். எங்கள் ஆத்தா அன்றோடு சைவம் ஆனாள். மறுவாரம் கிரில்லில் இன்னொரு பலகை தொங்கியது. கோயில் எல்லைக்குள் அசைவப் பொருள்கள் விற்கக் கூடாது.

அஞ்சலை அக்கா விடவில்லை. தலைவரிடம் நேரே போய்க் கேட்டிருக்கிறார். "ஆடி மாசம் கூழு ஊத்தறப்ப ஒங்கூட்ல இன்னாத்த வெச்சி படைக்கிறீங்க?"

"அது வூட்டு சாமிமா. இது கோயிலு" என்றாராம் அவர்.

பூ விற்கிற பெண்ணுக்கு உள்ளே இடம் கிடைத்தது. தேங்காய், கற்பூரக் கடைக்கு இடம் கிடைத்தது. கல்லைச் சுமந்து வந்து நட்டவர்கள் மட்டும் சாலைக்கு எதிர்ப்பக்கம் போனார்கள். அங்கேதான் முதலிலேயே மரங்களை வெட்டி முடித்திருந்தார்களே. தார், சிமெண்ட், அதற்கு மேல் ஆளுக்கொரு கறுப்புக் குடை. பேருந்து பழையபடி மரத்துப் பக்கம்தான் நிற்கும், மலைக்காரர்கள் சாலையைத் தாண்டி வந்தால்தான் வியாபாரம். கருவாட்டு வாடை என்றார்கள். வாடை கருவாட்டின் வாடை மட்டும்தானா என்று ஊரில் எங்கள் தெருவில் பிறந்த யாரும் கேட்டுக்கொள்ளத் தேவையில்லை. பிறந்த அன்றைக்கே தெரியும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நான் தலைவரைப் பார்க்கப் போனேன். யாரோ முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், வெளிநாட்டில் மரம் வளர்க்கிற அதிகாரி என்று. எழுந்து நின்று வரவேற்றார். கொட்டகைக்குள் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார். மரம்தாங்க எல்லாமே, மரம் இல்லன்னா மனுசன் இல்லங்க என்றெல்லாம் எனக்கே பாடம் எடுத்தார். நான் டைல்ஸைக் காட்டி, இப்படி அடிவரைக்கும் பதித்தால் வேருக்குத் தண்ணீர் போகாது, சில வருஷத்தில் மரம் பட்டுப்போகும் என்று சொன்னேன்.

"அதான் தெனமும் பால் ஊத்தறமேங்க" என்றார்.

பிறகு, தம்பி எந்தத் தெருங்க என்று கேட்டார். சொன்னேன். எதிர்ப்பக்கம் குடைக்குக் கீழே இருப்பது என் தங்கச்சி என்பதையும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. நாற்காலியைப் பிடுங்கவில்லை. மோர் வந்தது, அவருக்கு எவர்சில்வர் டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்குச் சுத்தம் முக்கியம் என்று நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு குடித்தேன்.

"அவங்கள யாரும் வரவேணாம்னு சொல்லலயேங்க" என்றார். "தாராளமா வந்து சாமி கும்பிடட்டும். கருவாடுதாங்க வேணாம்ன்றோம். நீங்க படிச்சவரு, ஒங்களுக்குத் தெரியாததா?"

சாலையைத் தாண்டி வந்தபோது மல்லிகா குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.

6

மயங்கி விழுந்த மறுநாள் அவளிடம் பேசினேன். இனிமேல் அங்கே உட்காராதே என்றேன். வேறு எங்கே உட்காருவது என்றாள். பேருந்து அங்கேதான் நிற்கிறது. மறுபடி மனு கொடுக்கலாம் என்றேன்.

"யாரு மேல மனு குடுக்கறது, ஆத்தா மேலயா? நாங்க தானண்ணா கொண்டாந்து வெச்சோம். எடுத்துடுங்கன்னு இப்ப நாங்களே போயி நின்னா ஊரு இன்னா சொல்லும்? கோயிலுக்கு எதிரா கெளம்பிட்டாளுங்கன்னு கேஸ் போட்டுடுவாங்க."

நான் இந்த நகரத்தில் வயதானவர்களுக்காகத் தயாரித்த துண்டறிக்கை நினைவுக்கு வந்தது. உச்சி வெயிலில் வெளியே வராதீர்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், நகராட்சி திறந்து வைத்திருக்கும் பக்கத்துக் குளிர் அறைக்குப் போங்கள், அக்கம்பக்கத்தாரை விசாரியுங்கள். அதையே தமிழில் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது பாதியில்தான் உறைத்தது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். எனக்கு அசிங்கமாக இருந்தது.

"சரிண்ணா, பாத்துக்கறேன். ஒனக்கு அங்க வெயிலு ஜாஸ்தியா?" என்று கேட்டாள்.

ஜாஸ்தி என்றேன். இங்கே அன்றைக்கு வெப்ப எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டிருந்தார்கள்.

7

பள்ளிக்கூடம் என்றதும் என் மகள் நிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்தவள். பதின்ம வயது. நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், வீட்டில் அப்படி ஓர் ஏற்பாடு எங்களை அறியாமலே நடந்துவிட்டது. அவள் அம்மா மருத்துவமனையில் ஷிஃப்டு வேலை, நாங்கள் மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவதே அபூர்வம். பருவநிலைக்காக வெள்ளிக்கிழமைகளில் பள்ளியை விட்டு ஊர்வலம் போகிற கூட்டத்தில் நிலாவும் உண்டு. என் வேலையை அவள் மதிப்பாள். என் ஊரைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டாள்.

வகுப்பில், மாறுகிற பருவநிலையும் என் குடும்பமும் என்று பேசச் சொல்லியிருந்தார்கள். பெற்றோரும் வரலாம். நிலா என்னிடம் வந்து, அத்தை மரத்தைக் காப்பாற்றிய கதையைப் பேசப்போகிறேன் என்றாள். மஞ்சள் துணிப் படத்தை என் ஆபீஸ் சுவரில் பார்த்திருக்கிறாள். கதையின் பின்பாதி அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. எந்தத் தெரு என்று கேட்டால் என்ன அர்த்தம் என்பதை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. இதற்காகத்தானே கடல் தாண்டி வந்தோம், அவளுக்கும் எதற்கு என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டேன். இப்போது எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

அத்தையை நேரில் காட்ட வேண்டும் என்று வீடியோவில் கூப்பிட்டாள். மல்லிகா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். குடைக்குக் கீழே அவள் முகம் கறுத்து, வேர்த்து, ஆனால் நிலாவைப் பார்த்ததும் அப்படி ஒரு சிரிப்பு. மரத்தைக் காட்டுங்கள் என்றாள் நிலா. போனைத் திருப்பிக் காட்டினாள். சாலைக்கு அந்தப் பக்கம், கம்பிக்கு நடுவில், கிளை வெட்டின வேப்பமரம் தெரிந்தது. நிலா கொஞ்ச நேரம் பார்த்தாள். தேடித் தேடி, சொல் சொல்லாகத் தமிழில் கேட்டாள்.

"அத்தை, நீங்க ஏன் மரம் கீழ உக்காரல?"

நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லச் சொல்கிறேன் என்று கேட்கிற பார்வை. அவள் காத்திருக்கவில்லை.

"அத்தைக்கு வெயிலுதான் புடிக்கும் கண்ணு" என்றாள். "நீ குளுரு ஊர்ல கெடக்கற, ஒனக்கு எப்டித் தெரியும்? நல்லாப் படி, இன்னா?"

நிலா சிரித்தாள். அந்த நிமிஷத்தில் கறுப்புக் குடையோடு அத்தையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாள்.

அன்று இரண்டு மூன்று முறை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லப்பார்த்தேன். அவள் காதில் பாட்டுக் கேட்கும் கருவியைச் செருகிக்கொண்டு, அப்புறம் அப்பா என்றாள். நானும் சரி என்று விட்டேன். விட்டதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதுதான் கேவலம்.

வகுப்பில் பெற்றோர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் திரைகளை வெயிலுக்காக இறக்கியிருந்தார்கள். நிலா நன்றாகவே பேசினாள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவளா இவள் என்று இருந்தது. ஏழைப் பெண்கள், படிக்காதவர்கள், இயந்திரத்துக்கு முன்னால் ஒரு துணியைக் கட்டி ஒரு நகரத்தின் நிழலைக் காப்பாற்றினார்கள், அவர்களில் ஒருவர் என் அத்தை என்றாள். கடைசிப் படத்தில் மல்லிகா குடைக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியை கை தூக்கினார். நல்ல மனுஷி. அவருக்கும் கண் இருக்கிறது. "உன் அத்தை ஏன் அந்த நிழலில் உட்காராமல் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்டார்.

"என் அத்தைக்கு வெயில் பிடிக்கும்" என்றாள் நிலா.

வகுப்பே அன்பாகச் சிரித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள், பெற்றோர் தட்டினார்கள். நிலா கடைசி வரிசையில் என்னைத் தேடினாள். நானும் கை தட்டினேன்.